வெள்ளிக்கிழமை உதவி தேடிப் போனவர்

ஏப்ரல் 4 – டேட்டன், ஒஹாயோ

அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. காலையில் கதவு திறக்கிற நேரத்துக்கே போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் உலகப்போர் கூடத்தில் கூட்டம் முழுக்க 'மெம்பிஸ் பெல்' என்ற பி-17 விமானத்தைச் சுற்றித்தான். நான் தேடி வந்த பி-24 ரகக் குண்டுவீச்சு விமானம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். வட ஆப்பிரிக்கப் பாலைவன மணலோடு கலந்துவிட வேண்டும் என்று அப்படி அடித்தார்கள். இந்த விமானம் 376-வது குண்டுவீச்சுக் குழுவைச் சேர்ந்தது. 59 முறை சண்டைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அதே குழுவின் இன்னொரு பி-24 முதல் முறை போனதிலேயே திரும்பவில்லை. அதன் பெயர் 'லேடி பி குட்'. அதில் போன ஒன்பது பேரில் ஒருவருக்காகத்தான் இந்தப் பயணம். ஸ்டாஃப் சார்ஜென்ட் வெர்னன் மூர், துப்பாக்கி வீரர், ஒஹாயோ மாநிலத்துக்காரர்.

மற்ற எட்டுப் பேரின் உடலும் கிடைத்துவிட்டது. மூரின் உடலை மட்டும் இன்றுவரை யாரும் அடையாளம் காட்டவில்லை.

விமானத்தின் வால்பக்கம் போய், துப்பாக்கி வீரர்கள் நிற்கும் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல் என்கிறோம், கண்ணாடி கிடையாது. உடம்பின் இரண்டு பக்கமும் ஆள் குனிந்து வெளியே வரும் அளவுக்குத் திறப்பு, அதில் ஒரு .50 காலிபர் இயந்திரத் துப்பாக்கி. இருபதாயிரம் அடிக்கு மேலே, பனிக்கட்டி உறையும் குளிரில், அந்தத் திறப்பில் முகம் கொடுத்து மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஆக்ஸிஜன் குழாய், மின்சாரத்தில் சூடேறும் உடுப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று பழுதானாலும் ஆள் அவ்வளவுதான். அங்கே நின்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள்.

இதே தேதி, 1943. ஞாயிற்றுக்கிழமை. லிபியாவில் பெங்காசிக்குத் தெற்கே சோலுக் என்ற இடத்திலிருந்து, இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்க விமானங்கள் கிளம்பின. கிளம்பும்போதே மணற்புயல். கடைசியில் கிளம்பியவற்றில் லேடி பி குட்டும் ஒன்று. கூடக் கிளம்பியவற்றில் பல திரும்பிவிட்டன; இது தொடர்ந்து போனது. பைலட் வில்லியம் ஹாட்டன். அந்த ஒன்பது பேரும் சேர்ந்து போன முதல் சண்டைப் பயணம் அதுதான். விமானமும் புதிது.

நேப்பிள்ஸில் இருட்டிவிட்டது. இலக்கு தெரியவில்லை. குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். நள்ளிரவு தாண்டி, பெங்காசி பக்கத்தில் இருந்த பெனினா நிலையத்தை ரேடியோவில் கூப்பிட்டுத் திசை கேட்டார் ஹாட்டன். நிலையமும் திசை சொன்னது. கோளாறு அங்கேதான். அந்தக் காலத்துத் திசைகாட்டி ஆன்டெனாவுக்கு, சிக்னல் எந்தக் கோட்டில் வருகிறது என்று மட்டும்தான் தெரியும். அந்தக் கோட்டில் விமானம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. விமானம் கடற்கரையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. இன்னும் கடல்மேல்தான் வந்துகொண்டிருக்கிறது என்று நிலையத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். விமானத்தில் இருந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். கீழே இருட்டு. கடலும் பாலைவனமும் இரவில் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் தெற்கே, சகாராவின் நடுவே, எரிபொருள் தீரும்வரை பறந்தார்கள். பிறகு பாராசூட்டில் குதித்தார்கள்.

யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹாட்டனின் இடத்தில் இருந்த எவரும் அந்தத் திசையைத்தான் பிடித்திருப்பார்.

அருங்காட்சியகத்தில் லேடி பி குட்டின் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. திரிப்போலி பக்கத்தில் வீலஸ் என்ற அமெரிக்கப் படைத்தளத்தின் தேவாலயத்துக்காகச் செய்தது. தளத்தை மூடியபின் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அக்கா வீட்டுக்குத் திரும்பினேன்.

ஏப்ரல் 5 – நியூ பாஸ்டன், ஒஹாயோ

அக்கா வீடு டேட்டன் பக்கம்தான். நியூ பாஸ்டனுக்குக் கார் கொடு என்று கேட்டதற்கு, தானே ஓட்டி வருவதாகச் சொல்லிவிட்டாள். காரில் ஏறியதும் முதல் கேள்வி.

"ஏன்டா, எண்பது வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன பையனோட ஊர்ல போய் என்னடா பார்க்கப் போற?"

"தெரியலக்கா. அவர் நடந்த தெருவ பார்க்கணும்."

"அவங்க அம்மா இருந்தாங்களா அப்போ?"

அதற்குப் பதில் சொல்லாமல், 1943-க்குப் பிறகு அந்தக் குடும்பங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று சொன்னேன். தேடினார்கள், கிடைக்கவில்லை. மத்தியதரைக் கடலில் விழுந்து மூழ்கியிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். பதினைந்து வருடம் அந்த ஒன்பது வீடுகளும் பிள்ளை கடலில் போனான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தன. 1958-இல் எண்ணெய் தேடிப் பறந்த ஒரு குழு மணல் நடுவே ஒரு விமானம் கிடப்பதைப் பார்த்தது. 1959-இல் தரைவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வயிறு தரையில் பட இறங்கி, உடைந்து கிடந்தாலும் பெரும்பகுதி அப்படியே இருந்தது. ரேடியோ வேலை செய்தது. துப்பாக்கி சுட்டது. உள்ளே தண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது, ஃபிளாஸ்க்கில் காபி இருந்தது. மனிதர் ஒருவர்கூட இல்லை. ஆட்கள் குதித்தபின் அந்த விமானம் தானாகவே இன்னும் 25 கிலோமீட்டர் போல் பறந்து, தானாகவே தரை தட்டியிருந்தது.

"அப்போ தண்ணி 25 கிலோமீட்டர்லயா இருந்துச்சு?" என்றாள் அக்கா.

ஆமாம், தெற்கே. அவர்கள் நடந்தது வடமேற்கே. கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பினார்கள். கடற்கரை அங்கிருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். அதன்பின் அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை.

நியூ பாஸ்டன் சின்ன ஊர். ஒஹாயோ ஆற்றங்கரை. போர்ட்ஸ்மவுத் என்ற ஊர் அதைச் சுற்றி வளைத்திருக்கிறது. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் இது இரும்பாலை ஊர். ஆலையின் புகையும் சங்கும்தான் ஊருக்குக் கடிகாரமாக இருந்திருக்கும். இப்போது ஆலை இல்லை. பிரதான சாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். மரவீடுகள், முன்திண்ணையில் நாற்காலி, பின்னால் தண்டவாளம், அதற்கப்பால் ஆறு. எதிர்க்கரை கென்டக்கி.

மூரின் வீட்டைத் தேடிப் போகவில்லை. கதவைத் தட்டி விசாரிக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. ஆனால் ஆற்றங்கரையில் நின்றபோது ஒன்று தோன்றியது, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கே திரும்பினாலும் தண்ணீர் தெரிகிற ஊரில் வளர்ந்த பையன் அவர். 1937-இல் இந்த ஆற்றில் வந்த பெருவெள்ளம் இந்தக் கரை ஊர்களையெல்லாம் மூழ்கடித்தது. அதன் பிறகு ஆறே வருடத்தில் அவர் பாலைவனத்தில் நின்றார்.

போர்ட்ஸ்மவுத்தின் வெள்ளத் தடுப்புச் சுவரில் ஊர் வரலாற்றை வரிசையாக ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இருட்டும்வரை அங்கே இருந்தோம்.

ஏப்ரல் 7 – துனிஸ்

விமானம், மாற்று விமானம், தூக்கமில்லை. துனிஸ் வந்து சேர்ந்தாயிற்று. லிபியாவுக்குத்தான் போயிருக்க வேண்டும். அவர்கள் விழுந்த இடத்துக்கு இன்று என்னைப் போன்ற ஒரு சாதாரணப் பயணி போக வழியில்லை. விமானத்தையும் 1994-இல் அங்கிருந்து எடுத்து தோப்ருக் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். மூரின் பெயர் பொறித்த சுவர் இருப்பது துனிசியாவில், கார்த்தேஜில். அதற்கு முன்னால் மணலைப் பார்த்துவிட வேண்டும் என்று தெற்கே கிளம்புகிறேன்.

ஏப்ரல் 9 – டூஸ்

லுவாஜ் என்பது இங்கே ஷேர் டாக்ஸி. வேன் நிறைய ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். ஸ்பாக்ஸ் தாண்டும்வரை ஆலிவ் தோப்பு, கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை பிசகாமல். காபேஸ் தாண்டினால் பச்சை குறைந்துகொண்டே வருகிறது. கெபிலியில் வண்டி மாறி டூஸ் வந்தேன். பேரீச்சந்தோப்பு முடிகிற இடத்தில் சகாரா தொடங்குகிறது.

திட்டமிட்டுத்தான் இந்தத் தேதியில் வந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

துணை விமானி ராபர்ட் டோனர் ஒரு சின்ன டைரி வைத்திருந்தார். அவர் உடலோடு 1960 பிப்ரவரியில் கிடைத்தது. ஒரு நாளுக்கு மூன்று நான்கு வரிதான். குண்டு எறியும் பொறுப்பில் இருந்த ஜான் வொராவ்காவைத் தவிர எட்டுப் பேரும் தரையில் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள் என்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொண்டோம். வொராவ்காவின் பாராசூட் சரியாக விரியவில்லை. அவர் விழுந்தவுடனேயே இறந்திருப்பார். இவர்கள் அவரைத் தேடிப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். கையில் அரை குடுவைத் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி.

திங்கள்: வடமேற்கே நடை. இரவு கடுங்குளிர், தூக்கமில்லை. செவ்வாய்: மதியம் நரகம், இரவு முழுக்க 15 நிமிடம் நடை, 5 நிமிடம் ஓய்வு. புதன்: எல்லோரும் பலவீனம், எந்நேரமும் பிரார்த்தனை.

வியாழன், ஏப்ரல் 8. மணல் குன்றுகள் வந்துவிட்டன. ரேடியோ இயக்கிய லமோட்டுக்குக் கண் போய்விட்டது. அன்றைய பதிவில்தான் மூரின் பெயர் முதன்முதலாக வருகிறது: சாமும் மூரும் முடிந்துவிட்டார்கள் என்று நினைத்தோம், என்கிறார் டோனர்.

மறுநாள் வெள்ளி, ஏப்ரல் 9. ஷெல்லி, ரிப் (ரிப்ஸ்லிங்கர்), மூர் மூவரும் பிரிந்து உதவி தேடிப் போகிறார்கள்.

இந்த இரண்டு வரிகளையும் எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை. வியாழக்கிழமை இனி எழமாட்டார் என்று கூட இருந்தவர்கள் நினைத்த ஒருவர், வெள்ளிக்கிழமை எழுந்து, நடக்க முடியாத ஐந்து பேருக்காக மணல் குன்றுகளுக்குள் போகிறார். டைரியில் மூரைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். ஒரு மனிதரை அறிந்துகொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாலை நாலரை மணிக்கு, இங்கே ஒட்டகம் வளர்க்கும் ஒரு பெரியவரோடு மணலுக்குள் போனேன். அவர்கள் பட்டதை நடித்துப் பார்க்க அல்ல, அது மரியாதை இல்லை. தோள்பையில் நிறையத் தண்ணீர் இருந்தது. மணல் குன்று எப்படி இருக்கும் என்று காலுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். காற்று அடிக்கிற பக்கம் மணல் இறுகி, சிமென்ட் தளம்போல் கால் தாங்குகிறது. உச்சி தாண்டி மறுபக்கம் கால் வைத்ததும் முழங்கால்வரை உள்ளே போகிறது. அடுத்த குன்றில் ஏறும்போது இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கல். மூன்றாவது குன்றில் என் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பெரியவர் நேராக ஏறவே இல்லை. குன்றின் முதுகெலும்பு போகிற போக்கிலேயே வளைந்து வளைந்து போனார், நானும் பின்னாலேயே போனேன். வடமேற்கு என்று திசை பிடித்து நடக்கிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. குறுக்கே வருகிற ஒவ்வொரு குன்றையும் ஏறித்தான் இறங்க வேண்டும்.

காற்று எழுந்ததும் தரையை ஒட்டி மணல் ஓட ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் நான் வைத்த அடித்தடத்தின் விளிம்பு கண்ணெதிரே உதிர்ந்து மூடிக்கொண்டிருந்தது.

அந்த எட்டுப் பேர் இதையும் யோசித்திருக்கிறார்கள். தேடி வருபவர்களுக்காக, பாராசூட் துணியை அம்புபோல வெட்டிப் போட்டு, பறக்காமல் இருக்கக் கல் வைத்திருக்கிறார்கள். கழற்றிப்போட்ட பூட்ஸையும் போகும் திசையைக் காட்டும்படி அடுக்கியிருக்கிறார்கள். பதினாறு வருடம் கழித்து வந்தவர்களுக்கு அந்த அம்புகள்தான் வழிகாட்டின. கல் கிடைத்தது சமதரையில். குன்றுகளுக்குள் நுழைந்த பிறகு மூவருக்கும் அடையாளம் வைக்க எதுவும் இருந்திருக்காது.

ஐந்து பேரும் நின்றுவிட்ட இடத்திலேயே, ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் கிடைத்தார்கள்: ஹாட்டன், டோனர், ஹேய்ஸ், லமோட், ஆடம்ஸ். டைரியில் இருக்கும் சாம் இந்த ஆடம்ஸ்தான். அதே வருடம் மே மாதம் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் கிடைத்தார்கள். ஐவர் கிடந்த இடத்திலிருந்து இன்னும் இருபது மைலுக்கும் மேல் வடக்கே. தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாமல், குன்றுகளுக்குள், அத்தனை தூரம். பாலைவனம் அறிந்தவர்களே இதை நம்பச் சிரமப்பட்டார்கள். ரிப்ஸ்லிங்கரும் டைரி வைத்திருந்தார். அதன் கடைசிப் பதிவு: இன்னும் மணல் குன்றுகளை விட்டு வெளியேறித் தண்ணீர் கண்டுபிடிக்கப் போராடிக்கொண்டிருக்கிறோம்.

விடுதிக்கு வந்து பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த மூன்றாவது ஆளுக்காகக் கைகளை விரித்து ஒரு துஆ செய்தார்.

ஏப்ரல் 11 – கார்த்தேஜ்

வட ஆப்பிரிக்க அமெரிக்கக் கல்லறை, பழைய கார்த்தேஜ் நகரத்தின் இடிபாடுகளை ஒட்டி இருக்கிறது. இருபத்தேழு ஏக்கர். 2,841 கல்லறைகள். எல்லாம் வெள்ளைப் பளிங்குச் சிலுவைகள், இடையிடையே யூதர்களுக்கு தாவீதின் நட்சத்திரம். அதில் 240 பேர் யாரென்றே தெரியாதவர்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கடவுள் மட்டுமே அறிந்த தோழர் என்று பொறித்திருக்கிறார்கள்.

காணாமல் போனவர்களுக்கு நீண்ட ஒரு சுவர். 3,724 பெயர்கள். இவர்கள் அறியாத கல்லறைகளில் உறங்குகிறார்கள் என்ற வாசகம் மேலே. பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால் தேடுவது சிரமமில்லை. எம் எழுத்துக்கு வந்ததும் நடை தானாக மெதுவாகிவிட்டது. மூர் என்ற குடும்பப் பெயர் அங்கே சாதாரணம், அதனால் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். மூர், வெர்னன் எல். ஸ்டாஃப் சார்ஜென்ட். அவருடைய ஸ்குவாட்ரன், குழு. ஒஹாயோ.

எழுத்து கல்லில் ஆழமாக இறங்கியிருக்கிறது. விரல் நுனி உள்ளே போகிறது. வெயிலில் கல் சூடாக இருந்தது. சில பெயர்கள் பக்கத்தில் வெண்கலத்தில் சின்ன ரோஜாப்பூ வில்லை பதித்திருக்கிறார்கள். பிற்பாடு உடல் கிடைத்து அடையாளம் தெரிந்தவர்களுக்கு வைப்பது அது.

சுவருக்கு முன்னால் நின்று டோனரின் வியாழன், வெள்ளி இரண்டு நாள் பதிவுகளையும் தமிழில் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் படித்திருப்பேன்.

அக்கா மாலையில் போன் செய்தாள். "பார்த்துட்டியா? பேரு தெளிவா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். போட்டோ அனுப்பச் சொன்னாள்.

ஏப்ரல் 12 – துனிஸ்

இன்று இரவு விமானம். டோனரின் கடைசிப் பதிவு இந்தத் தேதியில்தான்: இன்னும் உதவி வரவில்லை, இரவு கடுங்குளிர். உதவி தேடிப் போன மூவரும் திரும்புவார்கள் என்று அதுவரை அந்த ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. 1953 கோடையில், லேடி பி குட் கண்ணில் படுவதற்கு ஐந்து வருடம் முன்னால், அந்தப் பக்கம் ரோந்து வந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் பாலைவனத்தில் ஒரு மனித உடலைப் பார்த்து, குறித்துக்கொண்டு, அங்கேயே அடக்கம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பகுதியில் நேச நாட்டு விமானிகள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அது மூராக இருக்கலாம் என்று இந்த வழக்கைத் தொடர்ந்து பார்த்துவருகிறவர்கள் நினைக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில் கணக்குக்கு வராத அமெரிக்க வீரர்கள் இன்றும் 70,000-க்கு மேல். அத்தனை பேரையும் தேட முடியாது என்பது புரிகிறது. கடலில் போனவர்களை எங்கே போய்த் தேடுவது? மூரின் கதை அப்படி இல்லை. அவர் எந்த நாளில், யாரோடு, எந்தத் திசையில் கிளம்பினார் என்று எழுத்தில் இருக்கிறது. கூடப் போன இருவர் எங்கே விழுந்தார்கள் என்று வரைபடத்தில் இருக்கிறது. லிபியாவில் பாதை திறக்கிற நாளில், யாராவது அந்தப் பழைய ரோந்துக் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் கிடந்த இடங்களுக்கு நடுவிலிருந்து தேடத் தொடங்கலாம்.